செயின்ட் பால் பனியில் புதையல் தேடப் போகிறீர்களா?

அமெரிக்காவின் மினசோட்டாவில், செயின்ட் பால் நகரக் குளிர்காலத் திருவிழாவில் 1952 முதல் புதையல் வேட்டை நடக்கிறது. பொதுப் பூங்கா ஒன்றில் ஒளித்து வைத்த சிறு பதக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்புகள் 'பயனியர் பிரஸ்' நாளிதழில் பாட்டு வடிவில், நாளுக்கொன்றாக வரும்.

முதல் வேலை, சட்டையில் குத்திக்கொள்ளும் திருவிழா பொத்தானை (பேட்ஜை) வாங்கிப் பதிவு செய்வது. அது இல்லாவிட்டால் பதக்கம் கிடைத்தாலும் முழுப்பரிசு கிடைக்காது.

ஆரம்பத் துப்புகள் பூடகமானவை. அவற்றை நம்பி ஊரெல்லாம் அலைய வேண்டாம். வீட்டிலேயே வரைபடத்தை விரித்து, பழைய தெருப்பெயர், ஊர்க்கதை எல்லாம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், மண்வெட்டியைவிட அவர்தான் முக்கியம்.

தேடக் கிளம்பும்போது, உடலை ஒட்டிப் பருத்தித் துணி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் ஏறிவிடும். கம்பளிக் காலுறையில் மாற்று ஜோடி ஒன்று கட்டாயம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். செல்போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், உடனே கதகதப்பான இடத்துக்குள் போய்விடுங்கள். குழந்தைகளின் விரல்களை அடிக்கடி பாருங்கள். விளையாட்டு மும்முரத்தில் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பனியைக் கிளற ஒரு சிறு வாரி போதும். செடிகொடிகளைச் சிதைக்காதீர்கள். குப்பை மாதிரி கிடப்பதையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், பதக்கம் அதற்குள் இருக்கலாம்.