வருமான வரிப் படிவம்: நமக்குரியது எது?

வருமான வரிப் படிவங்கள் பல. அவற்றுள் நமக்குரியது எது என்பதை வரித்தொகை முடிவு செய்வதில்லை. வருமானம் வந்த வழியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதனை மனத்திற் கொண்டால் பாடம் எளிதாகும். 2024-25 நிதியாண்டின் வருமானத்திற்குரிய படிவங்களைக் கொண்டு இதனை விளக்குவோம்.

முதற்படிவத்தின் பெயர் 'சகஜ்'. சம்பளம் அல்லது ஓய்வூதியம், ஒரு வீடு, வங்கி வட்டி ஆகியவற்றால் 50 இலட்சம் ரூபாய்க்கு மிகாத வருமானம் பெறும், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு உரியது. கணவரை இழந்த சகோதரியர் பெறும் குடும்ப ஓய்வூதியத்தையும் இதில் காட்டலாம். ஆயினும் அது சம்பளமன்று. 'பிற வருவாய்' என்னும் தலைப்பில் சேரும். அதில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது பழைய வரிமுறையில் 15,000 ரூபாய், புதிய வரிமுறையில் 25,000 ரூபாய், இவற்றுள் குறைந்த தொகை கழிக்கப்படும்.

நம்மவர் பலர் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. நங்கநல்லூரில் குடியேறிய பின்னும் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்நிலத்தின் குத்தகைப் பணமும் வேளாண் வருமானமே. அதற்கு நேரடி வரி இல்லை. "வரியில்லாததை ஏன் எழுத வேண்டும்?" எனச் சிலர் விட்டுவிடுவர். அது தவறு. வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சகஜ் பொருந்தாது. தொழில் வருமானம் இல்லாதோர் இரண்டாம் படிவத்தையே நிரப்ப வேண்டும். மேலும், பிற வருமானம் வரிவிலக்கு வரம்பைக் கடந்திருப்பின், வரி விகிதத்தைக் கணக்கிட இவ்வருமானமும் சேர்த்துக் கொள்ளப்படும்.

சிறு வணிகருக்கு நான்காம் படிவமாகிய 'சுகம்' உண்டு. ஆண்டு விற்பனை 60 இலட்சம் எனக் கொள்வோம். வங்கி வழி வந்த 40 இலட்சத்திற்கு 6 விழுக்காடு 2,40,000. ரொக்கமாக வந்த 20 இலட்சத்திற்கு 8 விழுக்காடு 1,60,000. ஆக 4,00,000 ரூபாயை இலாபமாகக் காட்டலாம். உண்மை இலாபம் மிகுதியாயின் மிகுதியையே காட்டுதல் முறை. இவ்வாறன்றி முழுக் கணக்கேடுகளின்படி இலாபம் காட்டும் தனிநபர் வணிகர்க்கு மூன்றாம் படிவம்.

பொருந்தாத படிவம் குறையுடையதாகக் கருதப்படலாம். அறிவிப்பு வந்த 15 நாளுக்குள் திருத்தாவிடின், படிவமே அளிக்காதவராக நாம் எண்ணப்படுவோம். நிரப்புபவர் தணிக்கையாளராயினும் உறுதிமொழி நம்முடையது. ஆதலின் வருமான வழிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நிரப்பியதைப் படித்த பின்னரே ஒப்பமிடுக. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகலின், அந்தந்த ஆண்டுக்குரிய படிவத்தையே கேட்டுப் பெறுக.

பயிற்சி: ஒரு மூதாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம், வங்கி வட்டி, 4,800 ரூபாய் குத்தகை ஆகியவை வருகின்றன. எப்படிவம்? சகஜ். குத்தகை 5,200 ஆயின்? இரண்டாம் படிவம்.