அன்றைக்கே எழுதிவிடு, பாப்பா

திருச்சி,
புதன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "ம்" கொட்டிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவது இங்கே கேட்கிறது. கடிதம் என்றால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் குரல் சரியில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு இன்னும் சைட்டில்தான் இருக்கிறேன் என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், பதிலே இல்லை. உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே. நடுவில் ஒரு வார்த்தை விட்டாய்: "ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை மொத்தமா உக்காந்து எழுதச் சொல்றாங்க பெரியப்பா, போன வருஷத் தேதியெல்லாம் போட்டு." வேலைக்கு வந்த தடைகளை அன்றன்றைக்கே எழுத வேண்டிய பதிவேடு அது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கமில்லை.

துபாய் கன்சல்டன்சி வேலைக்குப் போகட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்றும் கேட்டாய். அது உன் முடிவு. நான் தலையிடமாட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது பிரைமவேரா மென்பொருளில் சிவப்புக் கோடு ஒன்றைக் காட்டி, எதில் ஒரு நாள் பிந்தினாலும் மொத்த வேலையும் பிந்துமோ அந்தக் கிரிட்டிகல் பாத்தை எனக்குப் பாடம் நடத்தினாயே, அது எனக்கு உன் அம்மா கல்யாணத்திலேயே புரிந்துவிட்டது. சாம்பார் இன்னும் இறக்கவில்லை என்று உன் தாத்தா சமையல்காரரை மண்டபம் அதிரத் திட்டினார். பந்தி தாலி கட்டின பிறகுதானே? அந்த மனுஷன் கையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முகூர்த்தம் தவறப் பார்த்தது திருமாங்கல்யம் வந்த பஸ் வழியில் நின்றுபோனதால். அதை முந்தின நாளே வாங்கி வைத்திருக்க வேண்டியவர் தாத்தா. சத்தம் போடுகிறவர் பெயர் தாமதக் கணக்கில் வராது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிய பறக்கும் ரயில் பாதையையே எடுத்துக்கொள். 2008-இல் தொடங்கிய 5 கிலோமீட்டர். நாலரை கிலோமீட்டர் எழும்பி நின்றும், ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் மாட்டி வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தது. முடிந்த பகுதியில் ஒரு ஸ்லாப் ஒரு மாதம் பிந்தியிருந்தால் என்ன, முந்தியிருந்தால் என்ன? ஆனால் சைட் மீட்டிங்கில் திட்டு வாங்குகிறவன் அந்த ஸ்லாப்காரனாகத்தான் இருப்பான்.

சரி, நான் ஒப்பந்தத்தில் எடுத்துக் கட்டிய அந்தப் பாலம். பெரியம்மாவின் வளையல் போனது வரைக்கும் உனக்குத் தெரியும். மீதியை நான் வீட்டில் சொன்னதில்லை.

பன்னிரண்டு மாத ஒப்பந்தம். அணுகு சாலைக்கான நிலத்தை நாலு மாதம் கழித்துத்தான் கொடுத்தார்கள். வறண்ட ஆற்றில் போட வேண்டிய அஸ்திவாரம் ஐப்பசித் தண்ணீரில் விழுந்தது. பம்பு வைத்து இறைத்து இறைத்து, நாலு மாதத் தாமதம் ஏழு மாதமாக வளர்ந்தது. நான் ஒரு கடிதம் எழுதவில்லை. இன்ஜினியர் நல்ல மனுஷர். காப்பி வாங்கிக் கொடுத்து, "பாத்துக்கலாம் விடுங்க" என்றார். எழுதினால் மனசு கோணுவாரே என்று நானும் விட்டேன். அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் ஃபைலைத் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. கால நீட்டிப்பு வேண்டுமா, நஷ்டஈடு கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடு என்றார்கள். பில் நின்று கூலி பாக்கி ஏறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். நாளைக் கொடுத்துவிட்டு, அபராதமாகப் பத்து சதவீதத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆர்பிட்ரேஷனில் ஒரே கேள்விதான்: எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள்?

இன்னொன்றும் உண்டு, இதைப் பெரியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதே நாலு மாதத்தில் என் ஷட்டரிங் பிளேட்டுகள் வேறு வேலையில் மாட்டி ஆறு வாரம் வரவில்லை. அதற்கு அவர்களிடம் தேதி போட்ட போட்டோ இருந்தது. என் தவறுக்கு அவர்களிடம் சாட்சி, அவர்கள் தவறுக்கு என்னிடம் ஞாபகம். இரண்டு தரப்புத் தாமதமும் ஒன்றாக ஓடினால் பொதுவாக நாள் கிடைக்கும், பணம் கிடைக்காது என்பார்கள். எனக்கு நாள் கிடைத்தும் அபராதம் விழுந்தது.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவைப் படி. தாமதமான வேலையை ஏற்றுக்கொள்கிறவன்கூட, நஷ்டஈடு கேட்கப்போகிறேன் என்று அப்போதே தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. ஃபிடிக் ஒப்பந்த நிபந்தனைகளின் 1999 சிவப்புப் புத்தகத்தில் தெரிவிக்க 28 நாள் கெடு, தவறினால் நாளும் போச்சு, பணமும் போச்சு. நீ மேஜைமேல் வைத்திருக்கிறாயே லண்டன்காரர்களின் அந்தத் தாமத நெறிமுறை, அதன் 2017 பதிப்பிலும் முதல் கொள்கை வேலைத்திட்டமும் பதிவேடும்தான். வேலை முடிந்து வெகுநாள் கழித்துச் செய்கிற அலசலுக்கு இந்த முறைதான் சிறந்தது என்று எதையும் அது தூக்கிப் பிடிக்கவில்லை. ஏன் என்று யோசி.

அந்த ரெஜிஸ்டரை முன்தேதி போட்டு எழுதாதே. ஒரே பேனா, ஒரே மை, பதினாலு மாத மழை வெயிலில் ஒரு பக்கம்கூட நனையவில்லை, ஒரு சிமென்ட் விரல்ரேகை இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில் தூக்கிக் காட்டினாலே போதும். அடியில் இருக்கப்போவது உன் கையெழுத்து, உன் மேனேஜருடையது அல்ல. இன்றைய தேதி போட்டு, "பின்வரும் ஆவணங்களிலிருந்து தொகுத்தது" என்று தலைப்பிட்டு எழுது. தினசரி அறிக்கை, கான்கிரீட் போர் கார்டு, கியூப் டெஸ்ட் ரெஜிஸ்டர், ரெடிமிக்ஸ் லாரிச் சீட்டு, வாட்ச்மேனின் கேட் நோட்டு, டிராயிங் வந்த மெயில் எல்லாம் தேதி சொல்லும். நம் பக்கத்துத் தாமதத்தையும் மறைக்காமல் போடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை பெய்யும் என்பது பேஸ்லைன் அட்டவணை போட்டவனுக்கே தெரியும், அதற்கெல்லாம் நாள் கேட்காதே. 2015 டிசம்பர் 1 மாதிரி ஒரு நாள் வந்தால் வானிலை மையத்து மழைக்கணக்கோடு கேள்.

இனி துபாய். தாராளமாகப் போ. சம்பளம் கூட, ஏசி அறை, ராத்திரி ஒன்பதரைக்குச் சைட்டில் நிற்க வேண்டாம். என்ன வேலை? வேறு யாரோ எழுதாமல் விட்டதை மூன்று வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பிப்பது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு நிபுணரை வைத்து ஒரே கட்டடத்துக்கு இரண்டு கிரிட்டிகல் பாத் காட்டுவார்கள், இரண்டும் வண்ணத்தில் அச்சடித்திருக்கும். இரண்டு வேலைக்கு நடுவே விடும் ஒரு லேக்கை மாற்றினால் பழி இடம் மாறும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கம்பி கட்டும் ஆட்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் எத்தனை நாளில் திரும்புவார்கள் என்று சைட்டில் நின்று பார்க்காதவர் போடும் கணக்கை நான் நம்பமாட்டேன். இன்னும் இரண்டு மழைக்காலம் இரு. ஒரு வேலையாவது முடிந்து சாவி கொடுப்பதைப் பார்த்துவிட்டுப் போ. இல்லை, இப்போதே போவதென்றாலும் உன் இஷ்டம்தான்.

நிறையப் பேசிவிட்டேன். நீ புத்திசாலி. நம் வீட்டில் உன் அளவுக்கு யாருக்கும் தலை கிடையாது, உன் அப்பாவையும் என்னையும் சேர்த்து. துபாய் போனால் முதல் ஆளாக ஏர்போர்ட்டுக்கு வருவேன், இங்கேயே இருந்தால் மாசத்துக்கு ஒருமுறை சாப்பாடு எடுத்துக்கொண்டு உன் சைட்டுக்கு வருவேன். பெரியம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டியிருக்கிறாள், கூரியரில் வரும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் சைட்டில் இருந்தால் எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு. நான் விழித்துத்தான் இருப்பேன்.

மேனேஜரிடம் திங்கட்கிழமை பேசுவதாகச் சொன்னாய். அதுவரைக்கும் அந்த ரெஜிஸ்டரில் பேனா வைக்காதே.

அன்புடன்,
பெரியப்பா