தம்பி, அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

பழம்பதிப்பு ஒன்றை அச்சு அசலாக மறுபடி கொண்டுவர நினைக்கும் பதிப்பாளர், துதிக்கை வைத்த பழைய லை, ணை, ளை, னை வடிவங்கள் உன் எழுத்துருவில் வேண்டும் என்கிறார். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் சும்மா கிடக்கிறது, இன்னும் தேடினால் வேறு இடமும் கிடைக்கும், அங்கே வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவருக்கு வேலை முடியும், உனக்குப் பணம் வரும். ஆனாலும் வைக்காதே.

அந்த இடம் ஏன் காலி என்று கேட்டுப் பார். 1988இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக இஸ்கி என்றொரு குறியீட்டு முறை வந்தது. ஓர் ஒலிக்கு இந்தியில் எந்த இடமோ அதே இடம்தான் மற்ற மொழிகளிலும். நமக்கு வர்க்க எழுத்துகள் கிடையாது. அதனால் அங்கெல்லாம் பொத்தல் விழுந்தது. 1991இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பு அந்த அடுக்கைத் தழுவியே தமிழை அமைத்தது. செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர்கள் முன்னிருந்த கேள்விக்கு அது கெட்டிக்காரத்தனமான விடைதான். ஆனால் யூனிகோடில் ஓர் எழுத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் கொடுத்ததுதான். நகர்த்த முடியாது, நீக்க முடியாது, வைத்த பெயரைக்கூடத் திருத்த முடியாது.

அதனால் ற போய் ர-வின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. புள்ளி கடைசிக்குப் போய்விட்டது. நம் அகராதியில் ‘பக்கம்’ முன்னால் வரும், ‘பகல்’ பின்னால் வரும். எண்ணைப் பார்த்து அடுக்கும் கணினி ‘பகல்’ என்றுதான் தொடங்கும். மரம், மலர், மறம் என்பது மரம், மறம், மலர் என்றாகும். சரியாக அடுக்க வழி இல்லாமலில்லை. நிரல் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் அதை நினைவாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். சேர்க்காத பட்டியல்களை நீயே பார்த்திருப்பாய். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 முறையையும் ஏற்றது. உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண், அழகான வரிசை. ஆனால் அதற்குள் ஊர் உலகமெல்லாம் யூனிகோடில் எழுதிக் குவித்தாயிற்று.

உருவத்தை மாற்றுவது இப்படியல்ல. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், 1978இல் எம்.ஜி.ஆர். அரசு அதில் ஒரு பகுதிக்கு ஆணை போட்டது. துதிக்கை போனது, ஆனால் எழுத்து போகவில்லை. இன்றைய பையன் கையில் பழைய புத்தகத்தைக் கொடுத்தால் முதல் பக்கத்தில் தடுமாறுவான், நான்காம் பக்கத்தில் சரளமாகப் படிப்பான்.

ஆகவே பழைய லை-யை மாற்று வடிவமாக வை. ஓப்பன்டைப்பில் ஸ்டைலிஸ்டிக் செட் இதற்குத்தானே இருக்கிறது! கோப்பில் ல-வும் ஐகாரக் குறியும்தான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் துதிக்கை தெரியும். வேறு எழுத்துருவில் திறந்தால் இன்றைய லை வரும், தேடினாலும் அகப்படும். காலி இடத்தில் வைத்தாயானால் ‘தலை’யில் த-வுக்குப் பிறகு அடுத்த கணினியில் வெறும் கட்டம்தான்.

பாமினி காலத்தை நீ பார்த்ததில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்து ஓட்டிய காலம் அது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு அடுக்கு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எத்தனை ஆய்வேடுகள், எத்தனை விழா மலர்கள், எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்ல ஆளில்லாமல் இன்னும் அப்படியே கிடக்கின்றன! வைத்தவர்கள் எல்லாரும் உன்னைப் போல அவசர வேலைக்கு வழி தேடியவர்கள்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் நடுங்கவும் வேண்டாம். ர்-க்குக் கீழே சாய்கோடு வைப்பதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாய். அது பிடிக்காவிட்டால் அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம், ஒரு கோப்பும் கெடாது. காலி இட விவகாரத்தை மட்டும் ஒரே மாலையில் முடித்துவிடப் பார்த்தாய். எனக்குக் கவலை அங்கேதான்.

இன்னொன்று. ஶ என்ற எழுத்து 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதுவரை ஸ்ரீ-யை ஸ வைத்துத்தான் அடித்தோம். பிறகு ஶ வைத்து அடிப்பதே முறை என்றானது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உரு. ஸ்ரீரங்கம் என்று ஒருவர் ஏற்றி வைத்ததை இன்னொருவர் தேடினால் அகப்படாமல் போகலாம்; திரையைப் பார்த்தால் இருவர் பக்கமும் தப்பில்லை. எழுத்துருவில் இரண்டு வரிசையையும் ஏற்றுக்கொள். கூடவே ஒரு கீபோர்டும் தரப்போவதாகச் சொன்னாயே, அதில் ஸ்ரீ அடித்தால் எந்த வரிசை விழுகிறது? பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்