சாண எரிவாயு: முதல் வாயு ஏன் எரிவதில்லை?

சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் அடுப்புக்கு நெருப்பு உண்டு. வயலுக்கு எரு இல்லை. இரண்டும் வேண்டுமானால்? ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்கி, கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய மிதக்கும் மூடிக் கலம் ஒரு வழி காட்டியது.

நான்கைந்து மாடுகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ சாணம் கிடைக்கும். அதே அளவு நீர் விட்டுக் கரைத்துக் கலத்தில் ஊற்றி வந்தால் சுமார் 2 கன மீட்டர் வாயு வரும். ஆறேழு பேருக்குச் சமைக்கலாம்.

உள்ளே இரு கூட்டத்தார் வேலை செய்கின்றனர். ஒரு கூட்டம் சாணத்திலுள்ள நார்ப்பொருளைச் சிதைத்து அமிலமாக்கும். மற்றொன்று அந்த அமிலத்தை மீதேனாக்கும். இரண்டாம் கூட்டத்தார் பாக்டீரியா அல்லர், ஆர்க்கியா என்னும் தனி இனம் என்பதற்கு 1977-இல் கார்ல் வோஸ் சான்று காட்டினார். மாட்டின் வயிற்றிலிருந்தே இவை சாணத்தோடு வந்துவிடுகின்றன. ஆனால் மிக மெதுவாகப் பெருகும்; ஆக்சிஜன் பட்டால் முடங்கும்.

ஆகவே புதுக் கலத்தில் முதலில் சேர்வது பெரும்பாலும் கரியமில வாயுவும் காற்றும்தான். அது எரியாது. அதைத் திறந்தவெளியில் வெளியேற்றிவிட வேண்டும். காற்றும் மீதேனும் கலந்தால் வெடிக்கக்கூடும். கலத்தருகே தீக்குச்சி கூடாது!

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். 'வாயு வரவில்லையே' என்று மேலும் மேலும் சாணம் கொட்டுகிறார்கள். அமிலம் மிகுகிறது, மீதேன் ஆக்குவோர் சோர்கின்றனர், அதனால் அமிலம் இன்னும் தேங்குகிறது. சில நாள் சாணம் இடுவதை நிறுத்தி, நன்றாக இயங்கும் வேறொரு கலத்தின் கரைசலைச் சில வாளி ஊற்றினால் நீலச் சுடர் திரும்பும். வெளியேறும் கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்; அது வயலுக்கு.