காளான் மாத்திரையும் டாக்டர் மாத்திரையும்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘பொருளாதார உயிரியல்’ பாடத்தில் காளான் வளர்ப்பு வருகிறது. வைக்கோல், காளான் விதை, ஈரப்பதம், சிப்பிக்காளான் என்று பாடத்தை முடிக்கும்போது, திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், காளான் மாத்திரை சாப்பிட்டா சுகர் போயிரும்னு சொல்லுதாவளே, நெசமா?”

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் பெற்றோர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஆச்சி, தாத்தா, பேரப்பிள்ளைகள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அட்டையைப் படித்து, எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நம் மாணவர்தான். அதே வீட்டுக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ‘கானோடெர்மா’ காளான் மாத்திரையோ தூளோ காளான் காபியோ வந்து சேருகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற முடிவு பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதனால் காளான் பாடத்தோடு இரண்டு பாடவேளைகளை இதற்கென்று ஒதுக்குகிறேன்.

பூஞ்சையிலிருந்து மருந்து

“காளான் வெறும் காய்கறி மாதிரிதானே, என்ன செய்யும்?” என்பதே பொதுவான எண்ணம். இதற்குப் பாடநூல் அறிவே பதில் சொல்லும். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டேட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையிலிருந்து கிடைத்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் மண்ணில் வாழும் பூஞ்சை ஒன்றின் கொடை. ஆக, பூஞ்சை இனத்துக்கு உடலில் வேலை செய்யும் ஆற்றல் உண்டு. ஆற்றல் இருந்தால் பக்கவிளைவும் இருக்கும், இன்னொரு மருந்தோடு மோதவும் செய்யும். ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற வாக்கியம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

மருந்து என்பது அளவு, பயன், பக்கவிளைவு மூன்றும் சோதிக்கப்பட்டு வருவது. கானோடெர்மாவை அப்படிச் சோதித்த ஆய்வுகளை 2015இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளின் இதய நோய் அபாயக் காரணிகளைக் குறைக்க அதைப் பயன்படுத்தலாம் என்பதற்கு அந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்பதே முடிவு.

சேர்த்துச் சாப்பிட்டால் எங்கே சிக்கல்?

கரும்பலகையில் ஐந்து குறிப்புகளாக எழுதிப் போடுகிறேன்.

1. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள்: கானோடெர்மா ரத்தத்தட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

2. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள்: நோயைக் குணமாக்கச் சான்று இல்லை. ஆனால் மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மேல் இறக்கிவிடலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. தலைசுற்றல், வியர்வை, நடுக்கம் வந்தால் கவனிக்க வேண்டும்.

3. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள்: அவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கத்தான் மருந்து தருகிறார்கள். ‘எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்’ என்று விற்கப்படும் பொருள் அதற்கு நேர் எதிரானது.

4. கல்லீரல், சிறுநீரகம்: கானோடெர்மா தூள் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2004இல் ஹாங்காங் மருத்துவர்களும் 2007இல் தாய்லாந்து மருத்துவர்களும் பதிவு செய்தார்கள், தாய்லாந்தில் அந்த நோயாளி இறந்துபோனார். ‘சாகா’ என்ற காளான் தூளை ஆறு மாதம் தினமும் நான்கைந்து தேக்கரண்டி சாப்பிட்ட 72 வயதுப் பெண்ணுக்கு ஆக்சலேட் உப்பு சேர்ந்து சிறுநீரகம் செயலிழந்தது. இது 2014இல் ஜப்பானில் பதிவானது. இவை அரிதானவை. ஆனால் ஏற்கெனவே கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மறக்கக் கூடாதவை.

5. அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல்: குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். அதற்கு மருத்துவருக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும்.

குழம்பில் போடும் சிப்பிக்காளானையும் மொட்டுக்காளானையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மறுநாளே வீட்டில் காளான் சமையல் நின்றுவிடும்!

வகுப்பறைச் செயல்பாடுகள்

முதல் செயல்பாடு, உறை வாசித்தல். பயன்படுத்தித் தீர்ந்த சத்து மாத்திரை டப்பாக்களைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறேன். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், அளவு, எச்சரிக்கை ஆகியவற்றைத் தேட வேண்டும். ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’, அதாவது ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். சத்து மாத்திரை உறையில் அந்த வரி இருக்க வேண்டும் என்பது விதி. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதை அப்போது சொன்னால் மனத்தில் நிற்கிறது.

இரண்டாவது, மருந்துப் பட்டியல். ஒரு தாளில் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், சாப்பிடும் நேரம், எழுதித் தந்தவர் என்று நான்கு கட்டம். கடைசியில் ‘டாக்டர் எழுதாதது’ என்று ஒரு வரிசை. காளான், கஷாயம், லேகியம், தூள் எல்லாம் அதில் வரும். இந்தத் தாளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது; வீட்டாரின் நோய் வகுப்பில் பேச்சாகிவிடும். மாத்திரைப் பையிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடவே போகட்டும்.

மூன்றாவது, நடித்துக் காட்டல். “ஆச்சி, இது விஷம், தூரப் போடுங்க” என்றால் ஆச்சி கேட்க மாட்டார். கொண்டுவந்து கொடுத்தவர் சொந்தக்காரராக இருப்பார். “ஆச்சி, அடுத்த தடவை டாக்டர்ட்ட இதையும் காட்டுவோம், அதுவரைக்கும் இத நிறுத்தி வைப்போம்” என்றால் கேட்பார். இதில் இன்னொரு பாதியும் உண்டு: காளானை நம்பி டாக்டர் மாத்திரையை நிறுத்தவே கூடாது. காளான் தரும் தொல்லையைவிட, சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தாத்தாவின் பட்டியலை எழுதினாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. கடைசி வரிசையில் காளான் மாத்திரை. அடுத்த வாரம் பல் பிடுங்க இருந்தது. தாளைப் பார்த்த மருத்துவர் பல் பிடுங்குவதைத் தள்ளிவைத்து, காளானை நிறுத்தச் சொன்னார். இதய மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். அந்தக் கடைசி வரிசை இல்லாவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். உடல்நல ஆலோசனைக்கு 104. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024. நம் ஓய்வறைக்கும் இத்தகைய பொருள்கள் விற்பனைக்கு வருவதுண்டு. ஆசிரியர் சொன்னார் என்றால் ஊரில் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். ஆகவே நாம் அதை வாங்குவதற்கு முன் நமது பட்டியலையும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.