புலி இல்லாத ஊரிலும் சூழலியல் உண்டு

சூழலியல் என்றாலே காடு, காடு என்றாலே புலி. பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் சேர நினைக்கும் மாணவர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள். காட்டுப் பக்கமே போகாதவர்கள் அந்தக் கணக்கோடு நின்றும்விடுகிறார்கள். நிலவரம் ஏறக்குறையத் தலைகீழ். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் வந்துபோகும் மாணவரை நம்பி அப்படியொரு வேலையைத் திட்டமிடுவது கடினம். அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வளாகத்து மரங்கள், ஊர்ப்புற ஏரி, இனம் பிரிக்கக் காத்திருக்கும் பூச்சி மாதிரிகள், கணினியில் குவிந்து கிடக்கும் படங்கள்.

இதெல்லாம் இரண்டாந்தர வேலை என்று முகம் சுளிப்பவர்கள் மதுரைப் பக்கம் பார்க்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனின் குழு, அருகிலுள்ள சமணர் மலைக் குகையில் வசித்த இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தது. இரவு பகல் தெரியாத குகை இருட்டில் அடைத்து வைக்கப்பட்ட வௌவாலுக்கு நேரம் எப்படித் தெரியும் என்பது கேள்வி. கூட்டத்தின் நடுவே இருக்கும்வரை, மற்றவை மாலையில் வெளியேறுவதையும் விடியலில் திரும்புவதையும் ஒட்டி அது தன் உடற்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டம் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அந்தக் கடிகாரம் நாளுக்கு நாள் நழுவியது. விலங்குகளின் உடற்கடிகாரத்தை ஒளி மட்டுமல்ல, சக விலங்குகளும் இயக்க முடியும் என்று காட்டிய அந்த முடிவு 1981-இல் வெளியாகி உலகெங்கும் கவனம் பெற்றது. தேவைப்பட்டவை ஒரு குகை, சில வௌவால்கள், நல்ல கேள்வி, அதைவிட நல்ல பொறுமை. புலி தேவைப்படவில்லை.

காட்டிலேயே நடக்கும் ஆய்வும் மாணவர்கள் கற்பனை செய்வதுபோல் இருப்பதில்லை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988-இல் ஐம்பது ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தண்டு விட்டமுள்ள கன்று முதல் பெருமரம் வரை எல்லாவற்றுக்கும் எண் கட்டியது. சுமார் 26,000 மரங்கள். எது செத்தது, எது புதிதாகத் தலைகாட்டியது என்று ஆண்டுதோறும் பார்த்துக் குறித்து வருகிறார்கள். இத்தகைய தரவைச் சரிபார்க்கவும் பகுத்துப் பார்க்கவும் வேண்டியது காலில் அட்டைக்கடி வாங்கும் வீரம் அல்ல. புள்ளியியலும், 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் ஓரளவு பழக்கமும். ஆகவே விலங்கியலோ தாவரவியலோ படித்தவர்களுக்கு மட்டுமே இங்கு இடம் என்பதும் தவறு. இந்தத் துறையின் கோட்பாடுகளை வடித்தவர்களில் ராபர்ட் மேக்ஆர்தர் கணிதத்திலிருந்து வந்தவர், ராபர்ட் மே இயற்பியலிலிருந்து. முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் சூழலியலும் பரிணாமமும் என்றே ஒரு தாள் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு: களத்தில் ஒரு மரத்தின் பெயரைச் சட்டென்று சொல்பவர் பல இடங்களில் பட்டதாரி அல்ல, பழங்குடிக் களப்பணியாளர். அவரிடம் கேட்டுப் பழகத் தெரியாதவருக்கு முதல் வகுப்புத் தேர்ச்சி உதவாது.

'ஆளைத் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள்' என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருப்பதால் மறுப்பதும் கடினம். சிபாரிசுக் கடிதம் கேட்கும் இடங்களில் பெருநகர நிறுவன மாணவருக்கு இருக்கும் வசதி சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கு இல்லை. ஆனால் மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் போன்ற பொது வாசல்களும் உண்டு. இரண்டு மாத உதவித்தொகையோடு ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். நேரடியாக எழுதுபவர்களுக்குப் பதில் வராததற்கும் செல்வாக்கின்மையை மட்டும் குறை சொல்ல முடியாது. 'தங்கள் மேலான ஆய்வகத்தில் சேர வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், ஐம்பது பேரும் அது தமக்கு எழுதப்பட்டதல்ல என்று கண்டுகொள்வார்கள். அந்தக் குழுவின் ஒரு கட்டுரையைப் படித்து, அதில் விளங்காத ஒன்றைக் கேட்டு, நான்கு வரியில் முடிக்கும் கடிதம் வேறு ரகம். அதோடு சொந்தப் பதிவு ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது: ஒரு புங்கமரம் துளிர்ப்பதையும் பூப்பதையும் வாரந்தோறும் குறித்த ஓராண்டுக் குறிப்பு, ஊர்க் கண்மாயின் பறவைப் பட்டியல். இவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளக் கூடாது. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் மூன்று கோடிப் பதிவுகளின் மேல் எழுப்பப்பட்டது.

எனக்குக் கோபம் வரவழைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: சம்பளமில்லாமல் உழைப்பதுதான் இந்தத் துறையின் நுழைவுக் கட்டணம் என்பது. அனுபவம் கிடைக்கிறதே, பிறகென்ன என்பார்கள். அனுபவம் கிடைக்கும்தான், ஆனால் ஆறு மாதம் கைக்காசில் சாப்பிட முடிந்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தரப்படுகிறது. அதே வெயிலில் அதே ஏரியில் பறவை எண்ணும் மாணவருக்குச் சாப்பாட்டுச் செலவாவது தரவேண்டாமா? திட்டநிதி இறுக்கம் என்ற பதிலை முழுவதும் ஒதுக்க முடியாது, சிறிய குழுக்களுக்கு அது நிஜம். அதனால்தான் சேருமுன் கேட்டுவிட வேண்டும்: தங்குமிடமும் பயணமும் யார் செலவு, களத்துக்கு எத்தனை பேர் சேர்ந்து போவார்கள், பாம்பு கடித்தால் எந்த மருத்துவமனை, பெண் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு, கட்டுரை வெளிவந்தால் பெயர் இடம்பெறுமா. இப்படிக் கேட்டதற்காகவே ஒரு குழு பின்வாங்கினால், அடுத்த குழுவுக்கு எழுதலாம்.