சூட்டு ஊரில் சூடேறாத எஞ்சின்

டெல்லியிலோ ஊட்டியிலோ எஞ்சின் சூடேறத் தாமதித்தால் குளிரின் மேல் பழியைப் போடலாம். திருவனந்தபுரத்தில் அந்தச் சாக்கு செல்லாது. மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எஞ்சின் எட்ட வேண்டியதோ ஏறக்குறைய 90 டிகிரி. கரமனையில் கிளப்பிய பெட்ரோல் கார் கழக்கூட்டம் சேர்ந்த பிறகும் முள் பாதிக்கு வரவில்லை என்றாலோ, முள்ளுக்குப் பதில் நீல விளக்கு உள்ள வண்டியில் அது அணையவே இல்லை என்றாலோ, ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது. பெரும்பாலும் அது தெர்மோஸ்டாட். ஆனால் இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றி ஓடுவதும் இப்படிப்பட்ட ஊர்களில்தான். ஹீட்டர் போடுவார் யாருமில்லை, வண்டி வழியில் நிற்பதுமில்லை. ‘சூடாகாவிட்டால் நல்லதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். மைலேஜ் குறைந்தால் பழி பெட்ரோல் பங்கின் மேல் விழுகிறது.

சோதனையைக் கூலன்ட் அளவில் தொடங்குங்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலன்ட் குறைந்து சென்சார் நீருக்கு வெளியே நின்றால், எஞ்சின் உள்ளே கொதிக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும். அதைச் ‘சூடேறாத’ வண்டி என்று நினைத்து ஓட்டினால் ஹெட் போய்விடும். அடுத்தது, முள் சொல்வது உண்மையா என்பது. ஓபிடி ஸ்கேனர் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கிளப்பும் முன் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 26 காட்டும்போது கூலன்ட் 5 என்று காட்டினால் சென்சாரையோ வயரையோ சந்தேகிக்கலாம். பி0128 என்ற குறியீடு வந்தால், கூலன்ட் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்று பொருள். தெர்மோஸ்டாட் கெட்டது என்று பொருளில்லை. அதைக் கண்டதும் பாகத்தை மாற்றக் கிளம்புவது அவசரம்.

இனி பலரும் தடுமாறும் இடம், ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது. தெர்மோஸ்டாட்டின் உள்ளே ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. 82 அல்லது 88 டிகிரியில், எண் அதன் மேலேயே பொறித்திருக்கும், மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வேண்டும். ஏசியை அணையுங்கள், ஏசி போட்டால் ஃபேனும் ஓடும். ஆறிய எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வையுங்கள். முண்டு நுனியோ துப்பட்டாவோ பெல்ட் பக்கம் போகக் கூடாது. நல்ல வால்வென்றால் அந்த ஹோஸ் பல நிமிடங்கள் ஏறக்குறைய ஆறியே இருந்து, பிறகு திடீரென்று கை வைக்க முடியாத அளவு சூடாகும். அந்தத் திடீர்தான் அடையாளம். முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே ஹோஸ் இளஞ்சூடாகி, ரேடியேட்டரோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறினால், வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. இதில் ஒரு பொறி உண்டு: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம், நீர் திரும்பி வரும் வழியில் இருக்கும். அங்கே மேல் ஹோஸ் சீக்கிரம் சூடாவது இயல்பு. நீங்கள் தொட வேண்டியது கீழ் ஹோஸை. ஹவுசிங் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

டீசல் வண்டி எப்போதும் தாமதமாகத்தான் சூடாகும் என்பார்கள். ஐடிலிங்கில் அது உண்மை. அதனால் டீசலை நிற்க வைத்துச் சோதிப்பது வீண், ஓட்டித்தான் பார்க்க வேண்டும். தம்பானூரிலிருந்து பாளையம் வரை போய்விட்டுச் சூடேறவில்லை என்பதும் நியாயமில்லை. கழக்கூட்டம்–கோவளம் பைபாஸில் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நெரிசலில் ஏறிய வெப்பம் திறந்த சாலையில் காற்றுப் பட்டதும் இறங்கினால் வால்வு மூடவில்லை. இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் பொன்முடி இருக்கிறது. அதன் 22 கொண்டை ஊசி வளைவுகளில் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. புதிதாக வெப்பம் உண்டாவதில்லை. நல்ல தெர்மோஸ்டாட் அப்போது மூடிக்கொண்டு இருக்கும் வெப்பத்தைக் காக்கும். சில டீசல்களில் கொஞ்சம் இறங்கலாம், ஆனால் 60க்கு விழக் கூடாது. முள்ளை நம்பாமல் ஸ்கேனர் எண்ணையே பாருங்கள். இப்போதைய பல கார்களில் முள் ஒரு பரந்த வெப்ப எல்லை முழுக்க நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனைகளில் பல வண்டிகளில் தெரியவருவது, தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்பதுதான். ‘நம்ம ஊர் சூட்டுக்கு அது எதற்கு’ என்பது பழைய வாதம். ஃபேனை டைரக்டாகக் கொடுப்பது அதன் தம்பி. வாதத்தில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றக் காரணம், மூடியபடி சிக்கிய வால்வு எஞ்சினையே கொல்லும் என்ற பயம். பயம் சரி, மருந்து தவறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்திருக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பும். சமதளத்தில் சூடேறாத அதே வண்டி பொன்முடி ஏற்றத்தில் கொதிக்கும். இன்னொரு பக்கம், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் எஞ்சினுக்குள் கசியும் சிறு பங்கு, ஆயில் போதிய சூடில்லாததால் வெளியேறாமல் ஆயில் மூடிக்குக் கீழே வெண்ணெய்போலப் படிகிறது. அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஹெட்டை இறக்குவார்கள். கூலன்ட் குறையாமல் இருக்கிறதென்றால், அந்தச் செலவுக்குச் சம்மதிக்கும் முன் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய வால்வைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணுக்குச் சில டிகிரி முன்பின் திறக்கத் தொடங்கி, ஆறும்போது முழுதாக மூட வேண்டும். பச்சைத் தண்ணீரில் இடைவெளி தெரிந்தாலே வேலை முடிந்தது. புதிது வாங்கும்போது அதே எண்ணை வாங்குங்கள். ‘நம்ம க்ளைமேட்டுக்கு’ என்று குறைந்த எண்ணை நீட்டும் கடைக்காரரிடம் மறுத்துவிடுங்கள். கேஸ்கட்டோ ஓ-ரிங்கோ புதிதாகவே இருக்கட்டும். வால்வில் சிறு ஆடும் ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. கிணற்றுத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்டே ஊற்றுங்கள்: இங்கே பனி உறையாது என்பது உண்மைதான், துருவுக்குப் பனி தேவையில்லை. காற்றுக் குமிழ்கள் நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு மூடியைப் போடுங்கள். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில், அளவை ஒருமுறை பார்த்துக் குறைந்ததை நிரப்பிவிட்டு ஹோஸை மறுபடி தொட்டுப் பாருங்கள்.